சொந்தக் காரணம்

போன வாரம் புஷ்பவள்ளியைப் போனும் கையுமாக ஹாலில் நிறுத்திவிட்டு வந்தோம். நமக்கு அது ஒரு வாரம். அவளுக்கு ஒரே இரவு. அந்த ஓர் இரவையும் அவள் மல்லாந்து படுத்து, சுற்றுகிற விசிறியைப் பார்த்தபடியே கழித்தாள்.

போன் செய்தவள் நாஸியா. பிரேமலாவுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கிற கல்வி அறவாரியத்தில் வேலை செய்கிற பெண். நல்ல மாதிரியான பெண். தமிழிலேயே பேசினாள், பொறுமையாகப் பேசினாள், கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டாள். அந்தக் கேள்விதான் புஷ்பவள்ளியைத் தூங்க விடவில்லை.

பிரேமலா, புஷ்பவள்ளியின் சின்ன மகள். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நில அளவை படித்துக்கொண்டிருந்தவள். இரண்டாம் ஆண்டின் நடுவில், ஹாஸ்டல் அறையை விட்டு வெளியே வராமல், சாப்பிடாமல், குளிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்று அறைத்தோழி போன் செய்து அழுதாள். அப்பா ஜெயபாலன் இரவோடிரவாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தார். அது நம் வாசகர்கள் மறந்திருக்க முடியாத அத்தியாயம்.

டாக்டர் அதற்கு டிப்ரஷன் என்று பெயர் சொன்னார். வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. உறவுக்காரர்கள் கேட்டால் கேஸ்ட்ரிக். கேஸ்ட்ரிக் என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் யாரும் மேற்கொண்டு தோண்டித் துருவ மாட்டார்கள். தங்கள் கேஸ்ட்ரிக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

வைத்தியம் கூட அவர்கள் இருக்கிற பத்து பாகாட் ஊரில் இல்லை. அங்கே எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் தெரிந்த முகம் ஒன்று எதிரே வரும். அதனால் மாதாமாதம் வெளியூரான குளுவாங்குக்குப் போய் வந்தார்கள். கோயிலுக்குப் போகிறோம் என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு, நெற்றியில் விபூதியும் பூசிக்கொண்டு போனார்கள்.

பல்கலைக்கழகத்தில் படிப்பை ஒத்திவைக்க விண்ணப்பித்தபோது காரணம் கேட்டார்கள். நோய் என்றால் டாக்டர் கடிதம் வேண்டும். டாக்டரோ எப்போது கேட்டாலும் தருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் கடிதத்தின் தலையில் அது எந்த மாதிரி கிளினிக் என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்குமே. பெரியவள் ஷாமளாவுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஜெயபாலன் யோசிக்கவே இல்லை. சொந்தக் காரணம் என்று போடச் சொன்னார். பிரேமலா அப்படியே போட்டு அனுப்பினாள். புஷ்பவள்ளியும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

அதன் பலனைத்தான் நேற்று நாஸியா பதமாக எடுத்துச் சொன்னாள். நோய் என்று ஒத்திவைத்தால் அறவாரியம் காத்திருக்கும். பிள்ளை தேறி வகுப்புக்குத் திரும்பும்போது உதவியும் கூடவே திரும்பும். சொந்தக் காரணம் என்று ஒத்திவைத்தால் உதவி அன்றோடு நின்றுபோகும், மறுபடி வராது. ஒரேயடியாகப் படிப்பை விட்டு விலகினால் அதைவிட மோசம். அதுவரை வாங்கியது அத்தனையும் திருப்பிக் கட்ட வேண்டும். அவள் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவர் கட்ட வேண்டும்.

ஒரு வழி இருக்கிறது என்றும் சொன்னாள். டாக்டர் கடிதத்தோடு முறையீடு செய்யலாம். ஜாமீன்காரர் கையெழுத்தும் அதில் வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும்.

“ஏம்மா அப்பவே நோய்னு போடல? போட்டிருந்தா நாங்க காத்திருந்திருப்போமே” என்று கேட்டாள் நாஸியா.

புஷ்பவள்ளி என்ன சொல்வாள்? பார்க்கிறேன்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிரேமலாவிடம் மட்டும் அப்படியே ஒப்பித்தாள். அவள் கேட்டுக்கொண்டாள்.

இன்று சனிக்கிழமை. ஷாமளாவுக்கு நிச்சயம் பேச பெர்மாஸ் ஜெயாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஒரு வீட்டுக்கு நல்லதும் கெட்டதும் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே நாளில் வாசலில் வந்து நின்றால் ஒரு பெண்பிள்ளை எதைத்தான் பார்ப்பாள்?

ஜெயபாலன் துணி ஆலைகளுக்கு ஆள் ஏற்றுகிற பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸின் காலை நடையை முடித்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது, புஷ்பவள்ளி வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். இரவு சொல்ல முடியாததை இப்போது சொன்னாள். அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்த பிறகும் அந்தத் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னிக்குப் பேசாத புஷ்பா. அவங்க வந்துட்டுப் போகட்டும்” என்றார்.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மகளைக் கூட்டி வந்த புதிதில், இரவெல்லாம் அவள் அறை வாசலில் வெறும் தரையில் படுத்துக்கிடந்தவர் அவர். கதவு திறந்தால் தன்னைத் தாண்டாமல் அவள் எங்கும் போக முடியாது என்பது கணக்கு. ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். அந்தப் பயம் வந்துவிட்டால் அவருடைய பாசம் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னாலேயே சதாசிவம் வந்துவிட்டார். ஜெயபாலனின் அண்ணன். சிம்பாங் ரெங்கத்துப் பக்கம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். புஷ்பவள்ளிக்கு மூத்தார், அவள் கூப்பிடுவது மாமா என்று. பிரேமலாவுக்கு ஜாமீன் போட்டவர் அவர்தான். எங்கள் குடும்பத்திலிருந்து முதல் இஞ்சினியர் என்று அன்றைக்குத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நில அளவைக்கும் இஞ்சினியருக்கும் வித்தியாசம் உண்டு என்று பிரேமலா சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“எனக்குத் தபால் வருது ஜெயபாலா. புள்ளைக்கு உதவிய நிறுத்திட்டாங்களாம். சொந்தக் காரணமாம். என்ன சொந்தக் காரணம்? வயித்து வலின்னுதானே சொன்ன?”

ஜெயபாலன் தரையைப் பார்த்தார். புஷ்பவள்ளிதான் சொன்னாள். வயிற்று வலி இல்லை என்றாள். மனசுதான் சரியில்லை என்பதையும், குளுவாங்குக்கு எதற்காகப் போகிறார்கள் என்பதையும், திங்கட்கிழமைக்குள் அவர் கையெழுத்து வேண்டியிருப்பதையும் சொன்னாள்.

சதாசிவம் எழுந்து போய் முதலில் ஜன்னலைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு யோசனை சொல்ல ஆரம்பித்தார். யோசனைக்கு அவரிடம் என்றுமே பஞ்சமில்லை. தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். டிங்கி காய்ச்சல் என்று எழுதி வாங்கிவிடலாமாம். டிங்கிக்கு ஒரு செமஸ்டர் லீவு யார் கொடுப்பார்கள் என்று புஷ்பவள்ளி கேட்டாள். அப்படியென்றால் மஞ்சள் காமாலை என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அதற்குமேல் அவரும் நோய்களைத் தேடவில்லை.

“தப்பா நினைக்காத புஷ்பா. அந்தக் கிளினிக் பேரு இருக்கிற தாளுக்குப் பக்கத்துல என் பேரு வரக்கூடாது. ஷாமளாவுக்கு இன்னிக்குத்தான் தட்டு மாத்தப் போறோம். என் பேத்திங்களுக்கும் நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும். இந்த வீட்டுல இப்படி ஒண்ணு இருக்குன்னு மாப்பிள்ளையோட அம்மா, அந்த மலரம்மாவுக்குத் தெரிஞ்சா, வந்த கார்லயே திரும்பிப் போயிடுவாங்க.”

“அப்ப இவ படிப்பு?”

“கல்யாணம் ஆகட்டும். அப்புறம் பாக்கலாம்.”

அப்புறம் என்ன பார்ப்பது? திங்கட்கிழமைக்கு அப்புறம் பார்க்க என்ன மிச்சம் இருக்கும்? புஷ்பவள்ளி கணவரைப் பார்த்தாள். அவர் அண்ணனை மீறி ஒரு வார்த்தை பேசியவர் இல்லை, இன்றும் பேசவில்லை. அப்போதுதான் கவனித்தாள், பிரேமலாவின் அறைக் கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

உள்ளே போனாள். பிரேமலா கட்டிலில் உட்கார்ந்து, அக்காவின் புடவைக்குக் கொசுவம் மடித்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். மெலிந்துபோன மணிக்கட்டில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. கேட்டாயா என்று அம்மாவும் கேட்கவில்லை, கேட்டேன் என்று மகளும் சொல்லவில்லை.

போன மாதம் குளுவாங் போகிற வழியில் ஆயர் ஈத்தாமுக்குப் பக்கத்தில் ஒரு சம்பவம். சாலையோரத்தில் நாலு பேர் முக்காலி நிறுத்தி அளந்துகொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் வாய் திறக்காமல் வந்துகொண்டிருந்த பிள்ளை, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். அவர்கள் முக்காலியை வைத்திருக்கிற மண் இளகல், அளவு தவறிப்போகும் என்றாள். ஜெயபாலன் வண்டியை மெதுவாக்கிவிட்டார். அவள் இன்னும் பேசுவாளா என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவளும் கொஞ்ச தூரம் பேசிக்கொண்டுதான் வந்தாள். அன்று டாக்டர் சிரித்தார். அடுத்த செமஸ்டருக்கு அனுப்பலாம், மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

போகலாம் என்று டாக்டர் சொன்ன இடத்துக்குப் போக முடியாமல், பெற்றவர்களே கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

“அவங்க என்னப் பத்திக் கேட்டா என்னம்மா சொல்லட்டும்?” என்றாள் பிரேமலா, ஊக்கைப் பல்லில் கடித்தபடி.

புஷ்பவள்ளி தலையைத் திருப்பிக்கொண்டாள். “கேஸ்ட்ரிக்னு சொல்லும்மா.”

பிரேமலா சரி என்று தலையாட்டினாள். அவள் எதற்கும் சரி என்றுதான் சொல்வாள். சின்ன வயதில் எதிர்த்து எதிர்த்துப் பேசி அடி வாங்கிய பிள்ளை. அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை மகேஸ்வரன், சிங்கப்பூரில் வேலை. ஷாமளா பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பல் கிளினிக்கில் இருக்கிறாள். அங்கேதான் இருவருக்கும் பழக்கம், அதைப் பெரியவர்கள் சேர்ந்து கல்யாணமாக்குகிறார்கள். அவன் அம்மா மலர், ரெடிமேட் துணிக்கடை வைத்து மகனைத் தனியாளாக வளர்த்தவள். உரத்த குரல். உள்ளே வரும்போதே வீட்டை நிறைத்துக்கொண்டு வருகிறவள். புஷ்பவள்ளிக்கு அவளைப் பிடிக்கும். பிடித்ததால்தான் அவளிடம் ஒளிக்கிறோமே என்று நெஞ்சு உறுத்தியது.

ஷாமளாவுக்கும் உறுத்தல் உண்டு. மகேஸிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். தேதி குறிக்கிற வரைக்கும் பொறு என்று வாயை அடைத்தது அம்மாதான்.

வடை நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். காசு, பணம், சீர் என்று எதையும் பேச வேண்டாம், பெண் வந்தால் போதும் என்று மலர் ஒரே போடாகப் போட்டாள். சதாசிவம் முகத்தில் அப்படி ஒரு களை. தை மாதத்தில் நாள் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மலர் காப்பித் தட்டோடு வந்த பிரேமலாவைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“இவதானே சின்னவ? ஷாமளா உன்னப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. யுனிவர்சிட்டில படிக்கிற இல்ல? இப்ப லீவா?”

ஷாமளா அம்மாவைப் பார்த்தாள். ஜெயபாலன் தொண்டையைச் செருமினார்.

“லீவு இல்ல ஆன்டி. படிப்ப விட்டுட்டேன்” என்றாள் பிரேமலா. “எனக்குப் பிடிக்கல.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். எத்தனையோ மாதமாக அம்மா ஏங்கிக் கிடந்த சிரிப்பு. அது வந்த இடத்தைப் பாருங்கள்.

“அலமாக், விட்டுட்டியா” என்று மலர் ஒரு நிமிடம் வாயைப் பிளந்தாள். பிறகு அவள் முதுகில் செல்லமாகத் தட்டினாள். “சரி, விடு லா. பிடிக்காதத இழுத்துக்கிட்டுக் கிடக்குறதுக்கு இது மேலு. நம்ம கடைக்கு வந்துடு. அக்கா பக்கத்துலயே இருக்கலாம்.”

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் சதாசிவம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரியா, இவர்களுக்கு எல்லாம் நினைத்தால் நினைத்ததுதான், நீங்களாவது கொஞ்சம் வேலை பழக்கிவிடுங்கள் என்றார். வருகிற வாரமே அனுப்பி வைப்பதாகவும் அவரே வாக்குக் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஷாமளா மட்டும் குனிந்து புடவைக் கரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புஷ்பவள்ளிக்கு அந்த நேரத்தில் துக்கம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று மனசு இளகி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகூட உட்கார்ந்தாள். காப்பியை ஒரு வாய் குடித்தாள். அது ருசியாகவும் இருந்தது. பிறகுதான், தன் மகள் தன்னைப் படிப்பு ஏறாத சோம்பேறியாக ஊரறிய ஆக்கிக்கொண்டதற்காகத் தான் மகிழ்ந்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

உறைத்து என்ன செய்ய? அதற்குள் வெற்றிலைத் தட்டு கை மாறிவிட்டது. மலர் அவளைக் கட்டிப்பிடித்து, இனிமேல் புஷ்பாக்கா இல்லை, சம்பந்திதான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கில் வேலை என்பதால் ஷாமளாவும் அவர்களோடு காரிலேயே கிளம்பினாள். கிளம்பும்போது தங்கையைத் தேடிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். என்ன பேசினார்களோ, வெளியே வந்தபோது ஷாமளாவின் கண்மை கலைந்திருந்தது. வீட்டை விட்டுப் போகிற பெண்ணுக்கு அழுகை வருவது சகஜம்தான் என்று மலர் அவளைத் தேற்றினாள்.

வீடு அடங்கியது. சதாசிவம் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு, டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பார்த்தாயா, பிள்ளை எவ்வளவு சமர்த்தாகச் சமாளித்தாள் என்று தம்பியிடம் மெச்சிக்கொண்டார். தம்பியின் கண் அடுப்படிப் பக்கமே இருந்தது.

பிரேமலா சிங்க்கில் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். புஷ்பவள்ளி பக்கத்தில் போய் நின்று ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்தாள். எதற்காக அப்படிச் சொன்னாய் என்று கேட்க வாயெடுத்தாள்.

பிரேமலா முந்திக்கொண்டாள். “யுனிவர்சிட்டிக்கு அனுப்பிட்டேன்மா. விலகுறேன்னு. நீங்க தட்டு மாத்திக்கிட்டிருந்தப்ப ரூம்ல போய் போன்லயே அனுப்பினேன். திங்கக்கிழமை ஆபீஸ் திறந்தா பாப்பாங்க.”

புஷ்பவள்ளியின் கையிலிருந்த கோப்பை மேசையில் இடித்தது.

“யாரு உன்ன அப்படிச் செய்யச் சொன்னா?”

“யாரும் சொல்லல. நான் விட்டுட்டேன்னு சொன்னப்ப நீங்க எல்லாரும் மூச்சு விட்டீங்க. எனக்குக் கேட்டுச்சு.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். அவளே தொடர்ந்தும் பேசினாள். கடையில் வேலை செய்து வாங்கிய உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டிவிடுவாளாம். பெரியப்பாவுக்குத் தொல்லை வராதாம். அக்காவுக்கும் வராதாம். குளுவாங்குக்கும் இனிமேல் போக வேண்டாமாம், பெட்ரோல் மிச்சமாம். தன்னால் இனி யாருக்கும் பாரம் இல்லை என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் புஷ்பவள்ளி துடைப்பதை நிறுத்தினாள். முதல் தடவை பார்த்தபோதே டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். அழுதால் கூடப் பயப்படாதீர்கள், தன்னைப் பாரம் என்று சொல்ல ஆரம்பித்தால் மட்டும் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள் என்று. இன்றைக்குச் சொல்லிவிட்டாள். அதுவும் எல்லாரும் மெச்சிக்கொள்கிற நாளில், கோப்பை கழுவிக்கொண்டே.

குழாயை மூடினாள். மகளின் ஈரக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்காவ விடு. பெரியப்பாவ விடு. நீ திரும்பிப் போகணுமா, வேணாமா? எனக்கு அத மட்டும் சொல்லு.”

பிரேமலா தலையைக் குனிந்துகொண்டாள். கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். அம்மா விடவில்லை. முகம் ஒரு மாதிரி கோணியது, உதடு துடித்தது, மாதக்கணக்கில் கல்லாகக் கிடந்த பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

“போகணும்மா” என்றாள். “எனக்குப் போகணும்.”

புஷ்பவள்ளி அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். அழவில்லை. அழ நேரமில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் திறக்குமுன் அந்த விலகலைத் திரும்ப வாங்க வேண்டும். சாயங்காலத்துக்குள் டாக்டர் கடிதம் போக வேண்டும், சதாசிவத்தின் கையெழுத்து அதில் விழ வேண்டும். அவர் ஏன் போட மாட்டேன் என்கிறார்? மலருக்குத் தெரிந்துவிடும் என்று. ஜெயபாலன் ஏன் ஊமையாகிவிட்டார்? அதற்கேதான். எல்லாப் பயமும் ஒரே ஆளைச் சுற்றித்தான். அந்த ஆளுக்கே தெரிந்துவிட்டால் அப்புறம் மூடி வைக்க இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

ஆனால் அப்படித் தெரிந்தால் ஷாமளாவின் கல்யாணம் நிற்கலாம். அதுவும் அவளுக்குத் தெரியும். பெரியவள் அவனோடு சேர்ந்து நிற்கும்போது முகம் எப்படி மலர்கிறது என்று பார்த்தவள் அவள். ஒரு மகளுக்காக இன்னொரு மகளின் வாழ்க்கையில் கை வைக்கிறோம் என்று நினைத்தபோது நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி வலித்தது. அந்த வலியோடேயே ஹாலுக்கு வந்து போனை எடுத்தாள்.

“யாருக்குப் போன்?” என்றார் சதாசிவம்.

“சம்பந்திக்கு.”

அவர் சட்டென்று நிமிர்ந்தார். புஷ்பவள்ளியின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. குடும்பத்தைக் கெடுக்காதே என்றார். தம்பியைப் பார்த்து, உன் பெண்சாதியிடம் சொல்லுடா என்று அதட்டினார். ஜெயபாலன் எழுந்தார். போனைப் பிடுங்கத்தான் வருகிறார் என்று புஷ்பவள்ளி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அவர் நேராகப் போய் டிவியை அணைத்தார். அணைத்துவிட்டு, அழுது வீங்கிய முகத்தோடு அடுப்படி வாசலில் நின்ற சின்ன மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

போனில் மணி போய்க்கொண்டிருந்தது. எடுக்க மாட்டார்களா என்று ஒரு மனசு. எடுத்துவிடுவார்களே என்று ஒரு மனசு.

“சொல்லுங்க சம்பந்தி” என்றது மலரின் உரத்த குரல். பின்னால் நெடுஞ்சாலை இரைச்சல். கார் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள் போல. யாரு ஆன்டி, அம்மாவா என்று ஷாமளா கேட்பதும், மகேஸ்வரன் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் கேட்டது. வடை டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டோமா என்று மலர் விசாரித்தாள்.

எல்லாருக்கும் கேட்கும். வீட்டுக்குப் போன பிறகு பேசுகிறேன் என்று இப்போது கூடச் சொல்லி வைத்துவிடலாம். சதாசிவம் வைத்துவிடு, வைத்துவிடு என்று கையால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார்.

“சம்பந்தி, என் சின்னப் பொண்ணு படிப்பு பிடிக்காம விடல” என்றாள் புஷ்பவள்ளி. “அவளுக்கு டிப்ரஷன். குளுவாங்ல டாக்டர்கிட்ட காட்டுறோம், மருந்து சாப்பிடுறா, தேறிக்கிட்டு வரா. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அவ உங்க முன்னால பொய் சொன்னா. அவள அப்படிச் சொல்ல வச்சது நாங்க.”

அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் முறை.

சக்கரங்கள் சாலையில் உருளும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா என்று ஷாமளா மெதுவாகச் சொன்னாள்.

“மகேசு” என்றாள் மலர். அந்த உரத்த குரல் எங்கே போயிற்றோ. “வண்டிய ஓரமா நிறுத்து.”